சூரியனுக்குப் பின்னால் குப்பாயி

மார்ச் 9

அன்புள்ள வாயாடிக்கு,

உன் அண்ணி மலையிலிருந்து எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். உன் இருமல் விட்டதா? உன் அண்ணனின் முதுகுவலி எப்படி?

போன் செய்யாமல் கடிதம் எழுதுகிறாளே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. இந்த வானாய்வு நிலையத்தில் இருப்பது ஒரே போன், அதுவும் நிலைய இயக்குநர் அறையில். நான் பேசினால் அவர் ஃபைலைப் புரட்டுகிற மாதிரி காதைத் தீட்டிக்கொண்டிருப்பார். அங்கே போன் கூடத்தில் இருக்கிறது, பக்கத்திலேயே உன் அண்ணன். இரண்டு பக்கமும் காவல் போட்டுக்கொண்டு நாம் என்ன பேசுவது?

போன தடவை நான் வீட்டுக்கு வந்தபோது, "அங்க உட்கார்ந்து அப்படி என்னதான் பண்றீங்க அண்ணி?" என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அண்ணன், "நட்சத்திரம் எண்றா, பாதியில தூங்கிட்டா மறுபடி முதல்லேர்ந்து" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். அந்தக் கேள்விக்கு இப்போது பதில் எழுதுகிறேன்.

சூரியனைச் சுற்றும் கடைசிப் பெரிய கோளுக்கும் அப்பால் பனிக்கட்டி உருண்டைகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. கோள் என்று சொல்ல முடியாத அளவுக்குச் சின்னவை. அவற்றைத் தேடுவதுதான் என் பிழைப்பு. வானத்தின் ஒரே துண்டைச் சில மணி நேர இடைவெளியில் மூன்று முறை படம் எடுப்போம். மூன்றையும் மாற்றி மாற்றித் திரையில் காட்டினால் விண்மீன்கள் அசையாது. பனி உருண்டை மட்டும் ஒரு மயிரிழை தள்ளி நிற்கும். சொல்லப்போனால் அங்கே நகர்வது பெரும்பாலும் நம் பூமிதான். பஸ்ஸில் போகும்போது பக்கத்து மரம் விர்ரென்று ஓடும், தூரத்து மரம் மெதுவாகப் போகும் அல்லவா? அதே கதை. எவ்வளவு தூரமோ அவ்வளவு மெதுவு.

படங்களை முதலில் கம்ப்யூட்டர்தான் சலிக்கும். இயக்குநர் பல வருஷத்துக்கு முன்பே அதற்கு ஒரு வேகத்தைக் குறித்துக் கொடுத்துவிட்டார். அதைவிட மெதுவாக நகர்வதெல்லாம் கேமரா அழுக்கு என்று 'குப்பை' என்ற பெட்டிக்குப் போய்விடும். போன வாரம் என்னைக் கூப்பிட்டு, "கம்ப்யூட்டர்ல இடம் பத்தலம்மா, அந்தக் குப்பைய அழிச்சிடு" என்றார். எதையும் பார்க்காமல் தூக்கிப் போட எனக்குக் கை வராதே. திறந்து பார்த்தேன்.

பார்த்ததெல்லாம் அழுக்குதான். கண் பூத்துப்போகும் வரை அழுக்கு. அப்புறம் ஒன்று வந்தது. மூன்று படத்திலும் இருக்கிறது, ஒரே கோட்டில் இருக்கிறது. ஆனால் அடி பெண்ணே, என்ன மெதுவு! அது நிஜம் என்றால் நாங்கள் இதுவரை பிடித்த எதையும்விட இரண்டு மடங்கு தூரத்தில் இருக்கிறது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். அங்கேயேதான் இருந்தது.

யாரிடமும் இன்னும் சொல்லவில்லை. உன்னிடம்தான் முதலில்.

அன்புடன்,
அண்ணி


மார்ச் 24

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதத்தை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறையில் உட்கார்ந்து படித்தேன். வெளியே கை ஒடிந்தவர் ஒருவர் காத்திருந்தார். இரண்டு பக்கம் படித்துவிட்டுத்தான் அவரை உள்ளே கூப்பிட்டேன். உங்கள் பனிக்கட்டியால் பாவம் அவருக்குக் கூடக் கொஞ்ச நேரம் வலி.

எனக்கு இருமல் போய்விட்டது. அண்ணன் நலம். முதுகுவலி ஆபீஸ் போகும்போது வருகிறது, டிவியில் மேட்ச் பார்க்கும்போது போய்விடுகிறது. நீங்கள் எழுதியதைச் சொன்னேன். "ஓ, அப்படியா" என்றார். அப்புறம், "எப்ப வர்றாளாம்?" என்றார். இன்சூரன்ஸ் ஆபீஸில் மேலாளர் ஆனதிலிருந்து வீட்டிலும் அதே மாதிரிதான் பேசுகிறார். எதைக் கொண்டுபோனாலும் முடிவுத் தேதி என்ன என்று கேட்கிறார்.

எங்கள் இடத்தில் படத்தில் ஒரு புள்ளி தெரிந்தால், "இன்னொரு படம் எடு" என்பார் டாக்டர். நீங்களும் இன்னொரு படம் எடுங்கள். அதற்குள் அதற்கு ஒரு பேர் வைக்க வேண்டாமா? குப்பையில் கிடைத்தவள், அதனால் குப்பாயி. நீங்கள் பெரிய படிப்புப் படித்தவர்கள் வாயில் நுழையாத பேர் ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அவள் குப்பாயிதான்.

உங்கள் நாத்தனார்


ஏப்ரல் 15

அன்புள்ள வாயாடிக்கு,

நலம். குப்பாயியும் நலம். பேர் இங்கே பரவிவிட்டது, கேப்டன் உட்பட எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். கேப்டன் என்பது தொலைநோக்கியை இயக்குகிற அம்மாள். தலையில் எப்போதும் ஒரு கம்பளித் தொப்பி இருக்கும், அதனால் அந்தப் பேர்.

இயக்குநரிடம் போய்ச் சொன்னேன். படங்களைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அழுக்கும்மா இது" என்றார். மூன்று படத்திலும் ஒரே கோட்டில் அழுக்கு எப்படி நகரும் சார் என்றேன். "ஆயிரக்கணக்கான புள்ளியில ஏதோ ஒண்ணு அப்படி அமையும். அதுக்குத்தானே அந்த வேகக் கணக்கு வெச்சேன்?" என்றார். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்த எல்லையைக் குறைத்தால் ஒவ்வொரு படத்திலும் நூற்றுக்கணக்கில் பொய்ப் புள்ளிகள் வந்து கொட்டும், யாராலும் பார்த்து முடியாது. ஆனால் அவர் குரலில் வேறு ஒன்றும் இருந்தது. இது நிஜம் என்றால் அவர் இத்தனை வருஷமாக என்னென்னவற்றைத் தூக்கிப் போட்டார் என்ற கேள்வி வரும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கேப்டன் என்ன செய்தாள் தெரியுமா? வேறொருவருடைய வேலை சீக்கிரம் முடிந்த ஒரு நாள், மிச்ச நேரத்தில் தொலைநோக்கியைக் குப்பாயி பக்கம் திருப்பிவிட்டாள். இருக்கிறாள்! நான் கணக்குப் போட்ட இடத்தில் அப்படியே இருக்கிறாள்! நாங்கள் இரண்டு பேரும் அந்தக் குளிரில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி குதித்தோம்.

ஆனாலும் இது போதாது. ஓரிரு மாதப் பாதையை வைத்து, சூரியனைச் சுற்ற ஆயிரக்கணக்கான வருஷம் எடுக்கும் ஒன்றின் வழியைச் சொல்ல முடியாது. செப்டம்பரில் அவள் சூரியனுக்குப் பின்னால் போய்விடுவாள். நவம்பர் கடைசியில் விடியற்காலை வானத்தில் வெளியே வருவாள். அப்போது மறுபடி பார்த்தால்தான் உலகம் ஒத்துக்கொள்ளும். பார்க்காவிட்டால் தொலைந்தாள், வானத்தில் எங்கே என்று தேடுவது? என் ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது. ஆக எனக்குக் கிடைப்பது ஒரே வாய்ப்பு.

உன் அண்ணனிடம் சொல், டிசம்பருக்கு முன்னால் நான் இறங்கமாட்டேன்.

அண்ணி


மே 8

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். அங்கே குளிர் குறைந்ததா? உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு, "டிசம்பரா? ஜூனோட வந்துடுவான்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே" என்றார். யாரிடம் சொன்னீங்க என்றேன். மாடி வீட்டுக்காரரிடம், ஆபீஸில், தன் நண்பர்களிடம், எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். "வேலைய விட்டுட்டு வர்றா" என்றே சொல்லியிருக்கிறார். யாரைக் கேட்டுச் சொன்னீங்க என்று கேட்டேன். "என் பொண்டாட்டி எப்ப வருவான்னு நான் சொல்லக்கூடாதா?" என்கிறார். எனக்கு வந்ததே கோபம். மறுநாள் குழம்பில் உப்பை அள்ளிப் போட்டேன். மனுஷன் அதையும் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

கெட்டவர் இல்லை அண்ணி, உங்களுக்கே தெரியும். நீங்கள் இல்லாத வீட்டில் சாயங்காலம் விளக்குப் போடக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் அதைச் சொல்ல வாய் வராது, அதிகாரம் பண்ணத்தான் வரும். வருத்தத்தை வருத்தமாகச் சொல்லத் தெரியாதவர்களோடு எப்படிக் குடும்பம் நடத்துவது? நான் கல்யாணம் வேண்டாம் என்று இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

குப்பாயியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் நாத்தனார்


ஜூன் 27

அன்புள்ள வாயாடிக்கு,

நீ நலம்தானே? அவர் நலமா? வீட்டில் ஏதாவது நடந்ததா? எதையும் மறைக்காமல் எழுது.

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. நேற்று இயக்குநர் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். இந்த மனிதர் நல்ல சேதிக்கு டீ வாங்கித் தரமாட்டார். "உனக்குக் குடும்பச் சூழ்நிலை இருக்கும்மா. தேடல் வேலையில இருந்து உன்னை விடுவிச்சிருக்கேன். டிசம்பர் வரைக்கும் பார்வையாளர் பிரிவுல இரு. முன்னாடியே கிளம்பணும்னாலும் சொல்லு, அனுப்பி வெச்சிடுறேன்" என்றார்.

என்ன குடும்பச் சூழ்நிலை சார், எனக்கே தெரியாத சூழ்நிலை என்றேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "எல்லாம் உன் நல்லதுக்குத்தான்" என்றார். இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. என் நல்லது என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது!

இன்று காலையிலிருந்து பார்வையாளர் கூடத்தில் நிற்கிறேன். பள்ளிக்கூடக் கூட்டம் வந்தது. ஒரு சின்னப் பெண், "மிஸ், பாத்ரூம் எங்க இருக்கு?" என்றாள். இன்று என் அறிவுக்கு வந்த வேலை அது ஒன்றுதான். தொலைநோக்கியைத் தொடக்கூடாதாம், கேப்டனுக்கும் உத்தரவு போய்விட்டது.

அழமாட்டேன். நேற்றே அழுது முடித்துவிட்டேன். கணக்குப் போட எனக்குத் தொலைநோக்கி வேண்டாம், காகிதமும் பழைய படங்களும் போதும். நவம்பரில் அவள் எங்கே வெளியே வருவாள் என்று நான் கணக்குப் போடுவேன், யார் தடுக்கிறார்கள் பார்க்கிறேன்.

உடனே பதில் போடு.

அண்ணி


ஆகஸ்ட் 21

அன்புள்ள அண்ணி,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள். ஆஸ்பத்திரியில் புது எக்ஸ்ரே மெஷின் வந்திருக்கிறது. பழையது தட்டினால் வேலை செய்யும், இது தட்டினாலும் செய்யமாட்டேன் என்கிறது. கம்பெனிக்காரர் வந்தால் ஒழுங்காக ஓடுகிறது, அவர் வாசல் தாண்டினதும் நின்றுவிடுகிறது.

வீட்டில் எல்லோரும் நலம்.

நீங்கள் கணக்கை முடியுங்கள். பார்வையாளர் கூடம் என்றால் என்ன, மலை மேல்தானே இருக்கிறீர்கள்? எந்தக் காரணத்துக்காகவும் இறங்கி வந்துவிடாதீர்கள். சும்மா ஒரு நடை வந்துவிட்டுப் போகலாம் என்றும் வராதீர்கள். இங்கே ஒன்றும் அவசரம் இல்லை. நவம்பர் முடியட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் நாத்தனார்


செப்டம்பர் 12

அன்புள்ள வாயாடிக்கு,

நான் நலம். 'வீட்டில் எல்லோரும் நலம்' என்று எழுதியிருக்கிறாய். எல்லோரும் என்று சொல்ல அந்த வீட்டில் எத்தனை பேர்? நீயும் உன் அண்ணனும். அவரைப் பற்றி அரைப்பக்கமாவது எழுதாமல் உன் கடிதம் முடியாது. இந்த முறை ஒரு வரி இல்லை, முதுகுவலியும் இல்லை. மெஷினைப் பற்றி எழுதியிருக்கிறாய். எனக்குக் காது குத்துகிறாயா? சரி, எப்போது சொல்லத் தோன்றுகிறதோ அப்போது சொல்.

நான் ஒரு காரியம் செய்திருக்கிறேன். கணக்கை முடித்துவிட்டேன். குப்பாயி இப்போது சூரியனுக்குப் பின்னால் இருக்கிறாள். நவம்பர் கடைசியில் எந்த விண்மீனுக்குப் பக்கத்தில் வெளியே வருவாள் என்று என்னால் சொல்ல முடிகிறது. என்னைத் தொலைநோக்கியைத் தொடவிடமாட்டார்கள். அதனால், உலகத்தில் இந்த வேலை செய்கிற அத்தனை பேருக்கும் போய்ச்சேரும் பொதுத் தகவல் பலகை ஒன்று இருக்கிறது, அதில் போட்டுவிட்டேன். 'நவம்பரில் இந்த இடத்தைப் பாருங்கள், இங்கே ஒரு பனி உருண்டை இருக்கும்.' கீழே என் பெயர் மட்டும். நிலையத்தின் பெயர் போடவில்லை.

இயக்குநர் கூப்பிட்டார். இந்த முறை டீ இல்லை. "அங்க ஒண்ணுமே இல்லன்னா?" என்றார். உலகமே என்னைப் பார்த்துச் சிரிக்கும் சார் என்றேன். "அதுக்கப்புறம் எந்த நிலையத்துலயும் உன்னைச் சேர்த்துக்கமாட்டாங்க, தெரியுதா?" தெரிகிறது என்றேன். "திருப்பி வாங்கிடு, இன்னும் நேரம் இருக்கு." மாட்டேன் என்றேன்.

குரல் நடுங்கியது என்பதை உன்னிடம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மாட்டேன் என்றுதான் சொன்னேன்.

அண்ணி


அக்டோபர் 5

நாத்தனாருக்கு,

நலம் கேட்டு எழுதுகிற மனநிலையில் நான் இல்லை.

இன்று இயக்குநர் மறுபடி கூப்பிட்டு, கிளம்பத் தேதி சொல்லிவிட்டாயா என்றார். நான் எங்கேயும் கிளம்பவில்லை, உங்களிடம் யார் சொன்னது என்று கத்தியே விட்டேன். அவர் உண்மையாகவே திகைத்துப்போனார். "ஜூன்ல உன் வீட்டுக்காரர்தானேம்மா போன் பண்ணினாரு? உன்கிட்ட பேசிட்டுத்தான் பண்றதாச் சொன்னாரே" என்றார்.

ஜூனில் போன். அந்த போன் எங்கே இருக்கிறது? கூடத்தில். கூடத்தில் அவர் பேசினால் சமையலறை வரை கேட்கும். உனக்குத் தெரிந்திருக்கிறது. நான் 'மறைக்காமல் எழுது' என்று கேட்டேன். நீ எக்ஸ்ரே மெஷினைப் பற்றி எழுதினாய்.

அவர் செய்தது ஒரு பக்கம் இருக்கட்டும், அதற்கு அவர் பதில் சொல்வார். நீயா? இந்த உலகத்தில் என் பக்கம் ஒரு ஆள் இருக்கிறாள் என்று நினைத்திருந்தேன். இயக்குநர் எனக்கு நல்லது நினைக்கிறார், உன் அண்ணன் எனக்கு நல்லது நினைக்கிறார், நீயுமா?

அண்ணி


அக்டோபர் 14

அண்ணி,

திட்டுங்கள். திட்டியது போதாது, இன்னும் திட்டுங்கள். ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

எனக்குத் தெரியும். அன்று நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். உங்கள் வீட்டுக்காரர் போனை எடுத்தார். என்ன குழைவு அந்தக் குரலில்! "சார், வீட்ல நிலைமை சரியில்ல. அவளா கேட்கமாட்டா, கௌரவம் பார்ப்பா. நீங்களா விடுவிச்சிட்டா அவளுக்கும் நிம்மதி, எங்களுக்கும் நல்லது" என்றார். கையிலிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டு முன்னால் போய் நின்றேன். "என்ன நிலைமை சரியில்ல? எனக்குத் தெரியாம இந்த வீட்ல யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டேன். "உனக்கு இது புரியாது, நீ சும்மா இரு" என்றார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது. அன்றிலிருந்து நான் அவரோடு பேசுவதில்லை. சமைக்கிறேன், எனக்கு மட்டும். அவர் வெளியே சாப்பிட்டுவிட்டு வருகிறார். ஒரே வீட்டில் இரண்டு பேர், நடுவில் டிவி மட்டும் பேசிக்கொண்டிருக்கிறது.

உங்களிடம் ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள், நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்திருப்பீர்கள். கூடத்தில் நின்று நான்கு தெரு கேட்கக் கத்தியிருப்பீர்கள். உங்கள் கோபம் எனக்குத் தெரியாதா? அவருக்கு வேண்டியதே அதுதான் அண்ணி! சண்டை போடவாவது நீங்கள் இறங்கி வந்தால் போதும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறார். வந்தால் ஒரு வாரம் அழுகை, ஒரு வாரம் சமாதானம், அப்புறம் 'இனிமே எதுக்கு அங்க?' கணக்கு யார் போட்டிருப்பார்கள்? தகவல் பலகையில் யார் போட்டிருப்பார்கள்? நீங்கள் இங்கே சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது அவள் சூரியனுக்குப் பின்னால் போய்த் தொலைந்திருப்பாள்.

ஒன்றரை மாதம் பதில் எழுதாமல் இருந்தேனே, ஏன் என்று நினைக்கிறீர்கள்? எழுதி எழுதிக் கிழித்தேன். எழுதினால் உண்மை வந்துவிடுகிறது. கடைசியில் மெஷின்தான் கைகொடுத்தது.

நான் செய்தது தப்பு என்றால் தப்புதான். மறுபடி அதே நாள் வந்தாலும் அதையேதான் செய்வேன். இறங்கி வராதீர்கள்.

உங்கள் நாத்தனார்தான், நீங்கள் ஒத்துக்கொண்டாலும் இல்லாவிட்டாலும்


டிசம்பர் 3

என் அருமை வாயாடிக்கு,

நலம்! நலம்! நீயும் நலமாகத்தான் இருக்க வேண்டும், எனக்கு இன்று யாரும் நலமில்லாமல் இருக்கக் கூடாது!

குப்பாயி வந்துவிட்டாள்.

இன்னொரு கண்டத்தில், நான் பெயரைக்கூடக் கேள்விப்படாத ஒரு பெண் தன் நிலையத்துத் தொலைநோக்கியை நான் சொன்ன இடத்துக்குத் திருப்பியிருக்கிறாள். நான்கு வரி அனுப்பியிருந்தாள். 'இருக்கிறது. நீங்கள் சொன்ன இடத்துக்குக் கொஞ்சம் இடதுபுறம். பாதை நீங்கள் நினைத்ததைவிட நீளம். வாழ்த்துகள்.' அந்தக் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பார்வையாளர் கூடத்திலிருந்து ஓடினேன். வழிகேட்டு நின்ற ஒரு பெரியவரை இடித்தே தள்ளிவிட்டேன்.

மறுநாள் விடிவதற்கு முன்பே கேப்டன், உத்தரவாவது ஒன்றாவது என்று தொலைநோக்கியைத் திருப்பினாள். இயக்குநர் தானாகவே வந்தார். ஸ்வெட்டரைத் திருப்பிப் போட்டிருந்தார், அது அவருக்குத் தெரியவில்லை. மூன்று படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அழுக்கு என்று சொல்ல அவருக்கு இடம் இல்லை. "எத்தனை வருஷக் குப்பைய அழிச்சோம்?" என்று கேட்டார், என்னிடம் அல்ல, தனக்குள்ளே. எனக்குப் பாவமாக இருந்தது. ஒரு பத்து நிமிஷம்தான். ஏனென்றால் அன்று மத்தியானமே பத்திரிகைக்குக் கொடுக்கும் அறிக்கையை எழுதிக்கொண்டு வந்துவிட்டார். 'நிலையத்தின் சீரான தேடல் முறையின் பயனாகக் கண்டுபிடிக்கப்பட்டது' என்று இருந்தது. இதில் நான் கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். சீரான முறை அவளைக் குப்பையில் போட்டது சார், அதை எழுதினால் போடுகிறேன். அந்த வேக எல்லையை எடுங்கள், மிச்சம் இருக்கிற குப்பையை அழிக்காதீர்கள், அதைத் தேடுகிற வேலையை எனக்குக் கொடுங்கள். "நிபந்தனை போடுறியாம்மா?" என்றார். ஆமாம் சார் என்றேன். இந்த முறை குரல் நடுங்கவில்லை.

உன் கடிதத்தைப் படித்து ஒரு வாரம் உன்மேல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். நீ சொன்னது சரி, நான் அடுத்த பஸ்ஸில்தான் வந்திருப்பேன். ஆனாலும் சொல்கிறேன், கேட்டுக்கொள். இனிமேல் என் நல்லதுக்கென்று எதையும் மறைக்காதே. நான் அடுத்த பஸ்ஸில் ஏறுகிற முட்டாளாக இருந்தால், அந்த முட்டாள்தனத்தையும் நானே செய்துகொள்கிறேன்.

நீ தனியாக அந்த வீட்டில் வாய் மூடி இருந்தாயே, உன் வாய்க்கு அது என்ன தண்டனை என்று எனக்குத் தெரியும்.

முத்தங்களுடன்,
அண்ணி


டிசம்பர் 20

அன்புள்ள அண்ணி,

நான் நலம். எக்ஸ்ரே அறைச் சுவரில் குப்பாயியை ஒட்டிவிட்டேன், பேப்பரில் வந்த படம். டாக்டர் பார்த்துவிட்டு, "இது யாரோட நுரையீரல்?" என்றார்.

சரி, மறைக்காமல் எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன். பேப்பரில் செய்தி வந்த அன்று உங்கள் வீட்டுக்காரர் பத்துப் பிரதி வாங்கிக்கொண்டு வந்தார். மாடி வீட்டுக்குப் போய், "நான்தான் அவளை அனுப்பி வெச்சேன், வேற யாரா இருந்தா விட்டிருப்பாங்களா?" என்றார். மாடிப்படியில் நின்று கேட்டேன். உங்கள் இயக்குநரும் போன் செய்தார். ஜனவரியில் பெரிய கூட்டமாம், கணவரும் வந்து மேடையில் உட்கார வேண்டுமாம். "கண்டிப்பா சார், அது என் கடமை" என்று இவர் சொல்கிறார். புதுச் சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறார். இரண்டு பேரும் போனிலேயே உங்களை வழியனுப்பினார்கள், இப்போது போனிலேயே வரவேற்கிறார்கள்.

பேசிவிடலாமா என்று நாக்கு துடித்தது. பேசவில்லை. நான் என்ன சொல்ல வேண்டும், நீங்கள் சொல்லுங்கள். இந்த முறை உங்களைக் கேட்டுவிட்டுத்தான் செய்வேன்.

ஆஸ்பத்திரியில் எனக்கு நிறைய லீவு பாக்கி இருக்கிறது. மலையில் குளிருமா? கேப்டன் மாதிரி ஒரு தொப்பி எனக்குக் கிடைக்குமா?

உங்கள் நாத்தனார்


ஜனவரி 18

உங்களுக்கு,

நலம் விசாரிக்க இது பழைய மாதிரிக் கடிதம் இல்லை. உங்கள் தங்கை நலம். என் எதிரில்தான் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள், தலையில் கம்பளித் தொப்பி. இங்கே வந்ததிலிருந்து வாய் ஓயவில்லை, ஏழு மாதப் பாக்கி.

கூட்டம் நடந்தது. மேடையில் என் வீட்டு ஆள் ஒருவருக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். அதில் அவளை உட்கார வைத்தேன். நீங்கள் வர வேண்டாம் என்று இயக்குநர் மூலம் சொல்லியனுப்பியது நான்தான். வருத்தமாக இருந்திருக்கும், புதுச் சட்டை வேறு. ஆனால் ஒருவரைப் பற்றி அவரைக் கேட்காமல் இன்னொருவரிடம் சொல்லியனுப்பினால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கும் தெரிய வேண்டாமா?

என்னைப் பேசச் சொன்னார்கள். இந்தப் பனி உருண்டை எங்கள் குப்பையிலிருந்து கிடைத்தது என்றேன். 'குப்பை' என்ற வார்த்தை மட்டும் வேண்டாம் என்று இயக்குநர் காலையில்தான் கெஞ்சியிருந்தார். இவ்வளவு தூரத்தில் எதுவும் இருக்காது என்று முடிவு செய்துவிட்டு அதன்பிறகு தேடினோம், அதனால் கிடைத்ததையெல்லாம் தூக்கிப் போட்டோம் என்றேன். முதலில் கை தட்டியது இயக்குநர்தான் என்பதையும் சொல்ல வேண்டும். வேக எல்லையை எடுத்துவிட்டார். மிச்சக் குப்பையில் இன்னும் சில பனி உருண்டைகள் கிடைத்திருக்கின்றன. தேடல் வேலை என்னுடையது. ஒப்பந்தம் நீண்டிருக்கிறது, எத்தனை காலத்துக்கு என்று உங்களுக்கு எழுதவில்லை, நீங்கள் கேட்கவில்லை.

ஆமாம், நீங்கள் கேட்கவே இல்லை. இத்தனை வருஷத்தில் எனக்கு ஒரு கடிதம் எழுதியதில்லை. தங்கையை விட்டு விசாரித்தீர்கள், இயக்குநரிடம் பேசினீர்கள், மாடி வீட்டுக்காரரிடம் தேதி சொன்னீர்கள். என்னைத் தவிர எல்லோரிடமும் என்னைப் பற்றிப் பேசியிருக்கிறீர்கள். சாயங்காலம் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருப்பீர்கள் என்று கேள்விப்பட்டபோது அழுதேன். அதை நீங்கள் எனக்கு எழுதியிருந்தால் அன்றே ஓடி வந்திருப்பேன். நீங்கள் போனை எடுத்தீர்கள்.

இனிமேல் ஏதாவது வேண்டும் என்றால் எனக்கு எழுதுங்கள், உங்கள் கையெழுத்தில். பதில் போடுவேன். வருகிறாயா என்று கேட்டால் யோசிப்பேன். வா என்று சொன்னால் வரமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் அண்ணி